உள்ளே யாரும் இல்லை

எங்கள் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று முடிவானபோது அதிகம் அழுதவள் நான்தான் என்றால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டைத் திட்டிக்கொண்டே குடித்தனம் செய்தவள் நான். நான்கு மாடி, லிஃப்ட் கிடையாது. காய்கறிப் பையோடு இரண்டாம் மாடி ஏறுவதற்குள் முழங்கால் கெஞ்சும். ஒரு மழைக்குப் படுக்கையறைச் சுவரில் ஏறிய ஈரம் அடுத்த மழை வரை இறங்காது. குளியலறைக் கதவைச் சாத்த வேண்டுமென்றால் முதலில் அதைக் கொஞ்சம் தூக்க வேண்டும். விருந்தாளிகளுக்கு அந்த வித்தை தெரியாததால், ஆள் இருப்பது வெளியே தெரிய, பாட்டுப் பாடிக்கொண்டே குளிப்பார்கள்.

அதை இடித்துவிட்டு நாற்பது மாடிக் கோபுரம் கட்டப் போவதாகக் கம்பெனிக்காரர்கள் வந்து சொன்னார்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். கட்டி முடிக்கும் வரை வேறு இடத்தில் வாடகைக்கு இருக்க வேண்டும், முடிந்ததும் அதே இடத்தில் ஆகாயத்தில் ஒரு வீடு. நாங்கள் காலி செய்த வாரமே சுற்றிலும் தகர வேலி அடித்து அதில் பெரிய படம் ஒன்றை ஒட்டினார்கள். கண்ணாடிக் கோபுரம், அடியில் நீச்சல் குளம், குளத்தங்கரையில் ஒரு பெண் சாய்ந்து படுத்துக்கொண்டு பழரசம் குடிக்கிறாள். அவள் படுத்திருக்கிற இடத்தில்தான் எங்கள் குப்பைத் தொட்டி இருந்தது. சொன்னால் எழுந்து போய்விடுவாளோ என்னவோ.

கட்டடத்தைப் பற்றிச் சொல்ல வந்தால் என் மாமனாரின் பூட்டைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. அவர் தபால் அலுவலகத்தில் பார்சல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரார் பொருளைப் பூட்டிப் பூட்டிப் பழகிய கை. வீட்டைப் பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். படியிறங்கித் தெருவுக்கு வந்த பிறகு சந்தேகம் வந்து, திரும்ப ஏறி இன்னொரு மூன்று முறை இழுத்துவிட்டு வருவார். நாங்கள் வண்டியில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருப்போம். கட்டடத்தில் அவருக்கு ‘மூணு இழுப்பு’ என்றே பெயர். நான் மருமகளாக வந்து நெடுநாள் கழித்துத்தான் அவருடைய சொந்தப் பெயரை வேறொருவர் வாயால் கேட்டேன்.

அந்தப் பூட்டால் ஒருநாள் ஒரு கூத்து நடந்தது. நான் வருவதற்கு முன்பு நடந்தது. ஆனால் என் அத்தை, அதாவது மாமியார், புதிதாக வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் அந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் டீயே கொடுப்பார். மாமா ஒரு காலை ஏதோ யோசனையில், அத்தை சமையலறையில் இருக்கும்போதே, வெளியே பூட்டைப் போட்டு, மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். பாதி வழியில் ஞாபகம் வந்து ஓடி வந்திருக்கிறார். கதவைத் தட்டினால் பதில் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் இல்லை. பக்கத்து வீட்டார் எல்லாம் கூடிவிட்டார்கள். உள்ளே அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று மாமா பதறிய பதற்றத்தில் சாவி துவாரத்துக்குள் போகவே இல்லையாம். யாரோ வாங்கித் திறந்தார்கள். அத்தை சமையலறைத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து நிதானமாகக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“கூப்பிட்டது காதுல விழலையா?” என்று கேட்டாராம் மாமா.

“விழுந்துது. குரல் கொடுத்தா உடனே மன்னிச்ச மாதிரி ஆயிடுமே” என்றாராம் அத்தை.

கேட்டவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். மாமா மட்டும் ஒரு முறைகூடச் சிரித்து நான் பார்த்ததில்லை. கதை பாதியில் இருக்கும்போதே எழுந்து போய்ப் பால்கனியில் நின்றுகொள்வார்.

அத்தை எதிலும் பிடிவாதக்காரி. சமையலறைக்குக் கிளிப்பச்சை நிறம்தான் அடிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று அடித்தார். பெயிண்டர்கூட இந்த நிறம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். உள்ளே நுழைந்தால் கண் கூசும். “ராத்திரி லைட்டே போட வேண்டாம்” என்று நான் கிண்டல் செய்வேன். “உன் காலம் வரும்போது உனக்குப் பிடிச்ச சாம்பல் கலரை அடிச்சுக்கோ” என்பார். என் காலம் வந்தது. அதற்குள் கம்பெனிக்காரர்களும் வந்துவிட்டார்கள்.

காலி செய்வதற்குச் சில மாதங்களுக்கு முன்பு அத்தை இறந்தார். நெஞ்சு வலி என்று மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். அன்று மாலை நானும் என் வீட்டுக்காரரும் அவசரமாகக் கிளம்பி வந்ததைப் பார்த்ததும், அத்தைக்குத் துணையாக அங்கே இருந்த மாமாவுக்குப் பூட்டு ஞாபகம் வந்துவிட்டது. “சரியாப் பூட்டினீங்களா? இழுத்துப் பாத்தீங்களா?” என்று கேட்டார். பார்த்தோம் என்றோம். நம்பவில்லை. “ஒரு எட்டுப் போயிட்டு வந்துடறேன்” என்று கிளம்பினார். அத்தையும் கண்ணால் போகச் சொன்னார். ஆயுள் முழுக்க அவரை அறிந்தவர் அல்லவா, இங்கேயே உட்கார வைத்தாலும் அவருக்கு இருப்புக் கொள்ளாது என்று தெரியும். அவர் போய், பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, திரும்பி வரும்போது எல்லாம் முடிந்திருந்தது.

அதன்பிறகு கொஞ்ச காலம் அவர் பேசியது ஒரே பேச்சுதான். “பூட்டைப் பாக்கப் போயிட்டேனே.” சாப்பிட உட்கார்ந்தாலும் அதுதான், தூங்கி எழுந்தாலும் அதுதான். ஏற்கனவே லேசாக இருந்த மறதி அந்தத் துக்கத்தில் ஆளையே விழுங்கத் தொடங்கியது. முதலில் கிழமை போயிற்று, பிறகு பேரப்பிள்ளைகளின் பெயர் போயிற்று. போகிற போக்கில் அந்தப் பூட்டுப் பேச்சையும் கொண்டுபோயிற்று. மறதிக்கு நான் நன்றி சொன்னது அந்த ஒன்றுக்கு மட்டும்தான். ஆனால் அதோடு அது நிற்கவில்லை. அத்தை இறந்ததையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது.

வீடு காலி செய்த அன்று சாமானெல்லாம் வண்டியில் ஏறிய பிறகு மாமாதான் கடைசியாகக் கதவைப் பூட்டினார். வழக்கம்போல இழுத்தார், இறங்கினார், திரும்ப ஏறினார், இழுத்தார். இடிக்கப்போகிற வீட்டுக்கு இவ்வளவு பூட்டா என்று வண்டிக்காரர் கேட்டார். ஒரு சாவியைக் கம்பெனி ஆளிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். துவைக்கும்போது நான் எடுத்து வைப்பேன். சட்டை மாற்றியதும் முதல் காரியமாக அதைக் கேட்டு வாங்கிக்கொள்வார்.

வாடகை வீடு இரண்டு தெரு தள்ளி. குடிபோன மறுநாள் காலை மாமா கேட்டார், “உங்க அத்தை எங்கம்மா?”

சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை என் எதிரிக்கும் யாரும் காட்டக்கூடாது. அவரைப் பொறுத்தவரை அந்தச் செய்தியை அப்போதுதான் முதல் முறையாகக் கேட்கிறார். “எனக்கு ஏன் யாரும் சொல்லலை?” என்று கேட்டுவிட்டு அழுதார். மாலையில் மறந்துபோய்த் திரும்பக் கேட்டார், திரும்பச் சொன்னோம், திரும்ப அழுதார். நாங்கள் ஒரு முறை இழந்தவரை அவர் நாள்தோறும் இழந்துகொண்டிருந்தார். ஒரு வாரத்தில் ஆள் பாதியாகிவிட்டார்.

ஒருநாள் காலை மாமா வாயைத் திறக்கும்போதே என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். “அம்மா பழைய வீட்ல இருக்காங்கப்பா. சாமானை ஒதுங்க வச்சுட்டு வரேன்னாங்க.”

மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. “அவ ஒரு காலி டப்பாவைக்கூடத் தூக்கிப் போட மாட்டாளே. இன்னைக்குள்ள எங்க முடிக்கப்போறா” என்றார். அன்றைக்கு இரண்டு வேளை நன்றாகச் சாப்பிட்டார்.

எனக்குப் பொய் பிடிக்காது. நான் பெரிய சத்தியவதி என்பதால் இல்லை. சொன்ன பொய்யை ஞாபகம் வைத்துக்கொண்டு கட்டிக் காப்பாற்றுகிற வேலை இருக்கிறதே, வீட்டு வேலையைவிடப் பெரிது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறீர்களே என்று என் வீட்டுக்காரரோடு சண்டை போட்டேன். அவர் கண்ணாடிக் கடையில் வேலை செய்பவர், மூக்குக்கண்ணாடி. யார் எதைப் போட்டாலும் உங்களுக்கு நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். “பொய்தான். அவர் சாப்பிடறாரா இல்லையா, அதைச் சொல்லு” என்றார்.  நானும் சேர்ந்துகொண்டேன். நாளாக ஆக அந்தப் பொய்க்குக் கை கால் முளைத்தது. அத்தை பாத்திரம் கட்டுகிறார், அலமாரி துடைக்கிறார், பக்கத்து வீட்டம்மாவோடு பேச்சு நீண்டுவிட்டது. மாமா தலையாட்டிக்கொள்வார். எனக்கே சில நேரம், பழைய வீட்டில் அத்தை முணுமுணுத்துக்கொண்டு அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பது போலத் தோன்றும். அந்த வீடு நின்றுகொண்டுதானே இருந்தது.

எங்கள் இரண்டு பேருக்குமே உறைக்காத விஷயம் ஒன்று உண்டு. நாங்கள் அத்தையைக் குடிவைத்திருந்தது இடிக்கப்போகிற கட்டடத்தில்.

இடிப்பு தொடங்கியதும் முதலில் கதவு, ஜன்னல், கம்பி எல்லாவற்றையும் பெயர்த்து எடுத்துப் போனார்கள். பிறகு பச்சைத் துணி கட்டி, ஆட்கள் மேலே ஏறி, மொட்டை மாடியிலிருந்து சம்மட்டியால் உடைத்துக்கொண்டே இறங்கினார்கள். வேலைக்குப் போகும் வழியில் என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு வந்து மாலையில் என்னிடம் மெதுவாகச் சொல்வார். நாலாம் மாடி போயிற்று, மூன்றாம் மாடி பாதி போயிற்று. நான் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. மாமாவைக் காலை நடைக்கு எதிர்த் திசையில் அழைத்துப் போவேன்.

அன்று பார்த்து எதிர்த் திசையில் குழாய் பதிக்கத் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். திரும்பி வீட்டுக்கே வந்திருக்கலாம். துணி கட்டியிருப்பார்கள், மாமாவுக்கு அடையாளம் தெரியாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பழைய தெருவுக்குள் நுழைந்தேன். எனக்கும் ஒரு முறை பார்க்க வேண்டும்போல இருந்தது, அதுதான் உண்மை.

துணியை அவிழ்த்திருந்தார்கள். கட்டடத்தின் முன்பக்கச் சுவர் மொத்தமும் இல்லை. கதவு கழன்ற அலமாரியைப் போல ஒவ்வொரு அறையும் தெருவைப் பார்த்துத் திறந்து கிடந்தது. முதல் மாடிக்காரர்களின் நீல வரவேற்பறை, யாரோ ஒருவருடைய குளியலறை ஓடுகள், ஆணியில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த ஒரு நாள்காட்டி. வீட்டுக்குள் நாம் எப்படி இருந்தோம் என்பதைத் தெருவில் போகிறவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது, யாரோ என் புடவையைப் பிடித்து இழுத்த மாதிரி. எல்லாவற்றுக்கும் மேலே, வெயில் நேராக விழ, அத்தையின் கிளிப்பச்சைச் சுவர். அதன் மேல் வானம்தான் இருந்தது. கீழே பொக்லைன் இயந்திரம் தன் நீண்ட கையை உயர்த்தி, பக்கத்து வீட்டுச் சுவரைப் பற்றி இழுத்துக்கொண்டிருந்தது.

மாமா நின்றுவிட்டார். “அது நம்ம சமையலறை தானே?”

 போகலாம் மாமா என்று கையைப் பிடித்தேன். அவர் கையை உருவிக்கொண்டு சட்டைப்பையைத் தடவினார். சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

“நான்தாம்மா பூட்டிட்டு வந்தேன். சாவி என்கிட்ட இருக்கு. உங்க அத்தை எப்படி வெளிய வருவா?”

நான் மறுபடி கையைப் பிடிப்பதற்குள் அவர் லாரி போக விட்டிருந்த இடைவெளி வழியாக உள்ளே போய்விட்டார். கல்லும் கம்பியும் கிடந்த இடத்தில் செருப்புத் தடுக்கத் தடுக்க இயந்திரத்தை நோக்கிக் கையை ஆட்டிக்கொண்டு ஓடினார். உள்ளே ஆள் இருக்கிறது, நிறுத்து, நிறுத்து என்று அவர் கத்தியது அந்த இரைச்சலில் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆனால் இயந்திரத்தை ஓட்டியவர் பார்த்துவிட்டார். கை அந்தரத்தில் நின்றது. என்ஜினும் நின்றது. தெருவே திடீரென்று அமைதியாகிவிட்டது.

மேஸ்திரி ஓடி வந்தார். யார் உள்ளே விட்டது, காலில் கம்பி ஏறினால் யார் பதில் சொல்வது என்று ஆரம்பித்தார். நியாயமான கோபம்தான். உள்ளே யாரும் இல்லை, இவருக்கு ஞாபக மறதி, நாங்கள் இந்த வீட்டில் இருந்தவர்கள் என்று அவரிடம் தாழ்ந்த குரலில் விளக்கினேன். மேஸ்திரி உடனே, வேலையை ஆரம்பி என்று இயந்திரக்காரருக்குக் கை காட்டினார். அவர் ஆரம்பிக்கவில்லை. இறங்கி வந்தார். நடுத்தர வயது, தலையில் மஞ்சள் தொப்பி, முகமெல்லாம் சுண்ணாம்புத் தூசி.

“உள்ள ஆள் இருக்குன்னு யார் சொன்னாலும் ஏறிப் பாத்துட்டுத்தான் கை வைப்பேன். சொல்றவர் பைத்தியமா இருந்தாலும் சரி. அது என் பழக்கம்” என்றார் மேஸ்திரியிடம். பிறகு என் பக்கம் திரும்பி, “தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நீங்க இல்லைங்கறீங்க, அவர் இருக்குங்கறார். நீங்க சொல்றது தப்பாப் போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?” என்றார்.

ஆட்கள் இரண்டு பேர் மிச்சமிருந்த படிக்கட்டு வழியாக ஏறினார்கள். அவர்கள் அறை அறையாகப் போவது கீழே நின்ற எங்களுக்கு நன்றாகத் தெரிந்தது. பச்சைச் சமையலறைக்குள்ளும் ஒருவர் போனார். நின்று சுற்றும் முற்றும் பார்த்தார். அத்தை போன பிறகு அங்கே இன்னொரு மனிதர் நிற்பதைப் பார்க்க எனக்கு என்னவோ போல் இருந்தது. அதற்குள் என் வீட்டுக்காரருக்கு ஃபோன் செய்துவிட்டேன்.

யாரும் இல்லை என்று இறங்கி வந்து சொன்னார்கள். மாமா அவர்களைப் பரிதாபமாகப் பார்த்தார். “கதவு பூட்டியிருக்கு. நீங்க எப்படி உள்ள போனீங்க?”

கதவே இல்லை தாத்தா, எப்போதோ பெயர்த்தாயிற்று என்றார் ஒருவர். மாமா காதில் வாங்கவில்லை. “பேர் சொல்லிக் கூப்பிட்டீங்களா? கூப்பிட்டாலும் குரல் கொடுக்க மாட்டா. கோவத்துல இருக்கா. அவ இருப்பா உள்ள.”

எங்கள் வீட்டில் எத்தனையோ முறை சிரித்த கதை அது. அந்தத் தூசிக்கு நடுவே நின்றபோது புரிந்தது, மாமாவுக்கு அது ஒருநாளும் வேடிக்கையாக இருந்ததில்லை. பூட்டிய கதவு, உள்ளே அவள், கூப்பிட்டால் பதில் இல்லை. மற்றதெல்லாம் மறந்தும் அது மட்டும் அவருக்குள் அப்படியே இருந்தது. அவர் இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு மேலே பார்த்து அத்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். “தப்பு என் மேலதான். ஒரு குரல் கொடு” என்றார். மேஸ்திரி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் மூச்சிரைக்க வந்தார். நிலைமையைப் பார்த்ததும் அவருக்கு வாயில் வந்தது பழைய மருந்துதான். அம்மா வெளியே வந்துவிட்டார்கள், நம் வீட்டில் இருக்கிறார்கள், வாங்க போகலாம் என்றார்.

மாமா சாவியை அவர் முகத்துக்கு நேராக நீட்டினார். “இது என்கிட்டத்தானே இருக்கு? அவ எப்படி வந்தா?”

“வேற சாவி...” என்று இழுத்தார் என் வீட்டுக்காரர்.

“பொய் சொல்லாதடா. உங்க அம்மா உள்ள இருக்கா. நீயே சொன்னியே, பழைய வீட்ல இருக்கான்னு. நீதானே சொன்னே?”

எல்லாவற்றையும் மறக்கிற மனிதர் அதை மறக்கவில்லை. தினமும் சொல்லிச் சொல்லி நாங்களே பதிய வைத்திருந்தோம். பொய்க்கு மேல் பொய் அடுக்கலாம், அது எங்காவது ஓரிடத்தில் தரை தட்டும். அன்று தட்டியது. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அவர் கண் என்னைக் கெஞ்சியது, நீ சொல் என்று. நான் தலையை அசைத்தேன். உங்கள் அம்மா, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அவர் மாமாவின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். “அப்பா. அம்மா செத்துப்போயிட்டாங்கப்பா.”

மாமா அசையவில்லை. இனி விழுவார், தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று நான் அருகே போனேன். இயந்திரக்காரரும் ஓரடி முன்னால் வந்தார்.

“எங்க?” என்றார் மாமா.

“ஆஸ்பத்திரியில.”

“இங்க இல்லையா?”

“இல்லப்பா.”

“நான் பூட்டும்போது?”

“நீங்க பூட்டும்போது அம்மா உள்ள இல்ல. அதுக்கு முன்னாடியே போயிட்டாங்க. வீடு காலியாத்தான் இருந்தது.”

மாமா மேலே பச்சைச் சுவரைப் பார்த்தார். பிறகு சாவியைப் பார்த்தார். நெஞ்சுக்குள் அடைத்துக்கொண்டிருந்த மூச்சை விட்டார்.

“நல்ல வேளை” என்றார்.

கட்டிய மனைவி இறந்த செய்தியைக் கேட்டு நல்ல வேளை என்று சொன்ன மனிதரை நான் பார்த்தேன். அவரைவிட அவளை நேசித்தவர் இந்த உலகத்தில் இல்லை என்றும் எனக்குத் தெரியும். அவர் இயந்திரக்காரர் பக்கம் திரும்பி, தபால் அலுவலகத்தில் ஒரு பார்சலை ஒப்படைக்கிற குரலில், “உள்ள யாரும் இல்லப்பா. நீ உன் வேலையைப் பாரு” என்றார். அதன் பிறகுதான் காலடியில் கிடந்த செங்கல் குவியலின் மேல் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். என் வீட்டுக்காரரும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அம்மா இறந்தபோது காரியங்களைப் பார்க்கிற மும்முரத்தில் அவர் அழவே இல்லை. அன்று அப்பாவும் பிள்ளையுமாகச் சேர்ந்து அழுதார்கள். நான் நின்றுகொண்டே அழுதேன்.

இயந்திரக்காரர் அவசரப்படவில்லை. மேஸ்திரி இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். யாரோ டீ வாங்கி வந்து கொடுத்தார்கள். நாங்கள் வேலிக்கு வெளியே வந்த பிறகுதான் என்ஜின் உறுமத் தொடங்கியது. வீட்டுக்குப் போகலாம் என்றால் மாமா வர மறுத்துவிட்டார். வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இயந்திரத்தின் கை உயர்ந்து, பச்சைச் சுவரின் மேல் விளிம்பில் பல்லை வைத்து, மெதுவாக இழுத்தது. பெரிய சத்தம் எதுவும் இல்லை. அரிசி மூட்டை சரிவது போலச் சரிந்தது. தூசி அடங்கியபோது கீழே குவியலில் கிளிப்பச்சைத் துண்டுகள் கிடந்தன. அத்தனை சாம்பல் நிறத்துக்கு நடுவில் அவை மட்டும் கண்ணை அடித்தன. அந்த நிறம் வேண்டாம் என்றாராம் பெயிண்டர், எவ்வளவு பெரிய முட்டாள்.

கிளம்பும்போது வேலிக் கதவில் சங்கிலி போட்டுப் பூட்டு ஒன்று தொங்கியது. மாமா அதைப் பிடித்து மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலை நான் டீயைக் கொண்டுபோய் வைத்தேன். மாமா துவைத்த சட்டைக்கு மாறி, சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் தெளிவாக இருந்தது. 

“உங்க அத்தை எங்கம்மா?”

செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் அப்படியே உறைந்துவிட்டார். அத்தையைக் கொண்டுபோய் வைப்பதற்கு இனி ஓர் இடம் இல்லை. கோபுரத்துக்குப் பள்ளம் தோண்டப் போகிறார்கள். நான் கீழே மாமாவின் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டேன். முதல் நாளைப் போலவே உள்ளதைச் சொன்னேன்.

 “எங்க? வீட்லயா?” என்றார். ஆஸ்பத்திரியில் என்றேன். கண்ணீர் வழிய, அந்த மட்டிலாவது ஆறுதல் என்பதுபோலத் தலையாட்டிக்கொண்டார். பழைய வீடு நிற்கிறதா, இடிந்துவிட்டதா என்பதெல்லாம் அவர் மனதில் இல்லை. ஆனாலும் அவள் உள்ளே இல்லை என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

பிறகு கேட்டார். இதுவரை கேட்காத கேள்வி. “நான் எங்க இருந்தேன்?”

என் வீட்டுக்காரர் செய்தித்தாளைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். அத்தை கண்ணால் போகச் சொன்னதும், மாமா வேகமாகப் படியிறங்கியதும், திரும்பி வந்து வாசலில் நின்றதும் எல்லாம் எனக்கு ஒரு நொடியில் வந்து போயிற்று.

“பக்கத்துலயேதான் இருந்தீங்க மாமா.”

“கையைப் பிடிச்சிருந்தேனா?”

“பிடிச்சிருந்தீங்க. விடவே இல்ல.”

அவர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். சரி என்றார். டீயை எடுத்துக் குடித்தார்.

இப்போது அங்கே கோபுரம் எங்கள் பழைய இரண்டாம் மாடியைத் தாண்டி எழுந்துவிட்டது. மாமா கேட்கிறபோதெல்லாம் நான்தான் பதில் சொல்கிறேன், என் வீட்டுக்காரர் வாயைத் திறப்பதில்லை. இந்த ஒரு பொய்யை ஞாபகம் வைத்துக்கொள்ள எனக்குச் சிரமமே இல்லை.